விடாமல் வரும் காணாக்கடி: அறிவதும் அடக்குவதும் – முழுமையான வழிகாட்டி

உடம்பெல்லாம் தடித்தடியாக எழும்புகிறது. தூங்கவிடாத அரிப்பு. சில மணி நேரத்தில் வந்த சுவடே இல்லாமல் மறைகிறது. மறுநாள் வேறோர் இடத்தில் மறுபடியும் கிளம்புகிறது. காணாக்கடி, தடிப்பு, அர்ட்டிகேரியா என்று எந்தப் பெயரில் சொன்னாலும், வந்தவர் மனதில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அப்படி என்னத்தைச் சாப்பிட்டேன்?"

ஓரிரு நாளில் அடங்கிப்போகும் தடிப்புக்கு இந்தக் கேள்வி பொருந்தும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும் தடிப்புக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. ஆனாலும் நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்கள் பலர் இந்தக் கேள்வியின் பின்னாலேயே ஓடுகிறார்கள். ஒவ்வோர் உணவாக விட்டுப் பார்ப்பார்கள், சோப்பை மாற்றுவார்கள், கட்டுக்கட்டாக அலர்ஜி சோதனை எடுப்பார்கள். அரிப்பு மட்டும் போகாது. காரணத்தைத் தேடுவதற்கு ஓர் எல்லை வைத்துவிட்டு, நோயை முழுமையாக அடக்குவதில் கவனம் செலுத்த வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு.

எல்லாவற்றுக்கும் முன்: எப்போது ஓட வேண்டும்?

தடிப்போடு மூச்சுத்திணறல், தொண்டை அடைப்பு, குரல் மாற்றம், நாக்கு வீக்கம், தலைசுற்றி மயக்கம் வருவது, விடாத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அது உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நாள்பட்ட காணாக்கடி தானாக இந்த நிலைக்குப் போவது அரிது. அரிது என்பதற்காக அறிகுறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது.

படி 1: இது நாள்பட்ட காணாக்கடிதானா?

தடிப்போ, தோலுக்கடியில் ஆழமான வீக்கமோ, இரண்டுமோ 6 வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது நாள்பட்ட வகை. அன்றாடம் வர வேண்டும் என்பதில்லை. விட்டுவிட்டு வந்தாலும் கணக்கில் சேரும். உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்தத் தொல்லை உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு அதிகம். 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவதே வழக்கம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. நோய் மாதக்கணக்கில் நீடித்தாலும், தனித்தனியாகப் பார்த்தால் ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நிற்காது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். புதிதாக எழும்பிய ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். பக்கத்தில் நேரத்தை எழுதி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். வட்டத்துக்குள் தோல் பழையபடி ஆகியிருந்தால், வேறு இடத்தில் பத்துத் தடிப்புகள் இருந்தாலும், அது காணாக்கடியின் இயல்பான போக்குதான். மாறாக, தடிப்பு அங்கேயே நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாகி, மறையும்போது கன்றிப்போன மாதிரி கருநிறத் தடம் விட்டுச் சென்றால், இரத்தநாள அழற்சி இருக்கலாம். அதற்குத் தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சல், மூட்டு வலி, எலும்பு வலி, எடை குறைவு ஆகியவை தடிப்போடு சேர்ந்து வந்தாலும் கதை வேறு. மருத்துவரிடம் இவற்றைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

படம் எடுக்கும் பழக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மருத்துவர் முன் உட்காரும்போது தோலில் ஒன்றுமே இருக்காது. காணாக்கடிக்கு அப்படி ஒரு குணம்! கைபேசியில் உள்ள படங்கள்தான் அப்போது உங்கள் சாட்சி.

உதடு, கண் இமை, கை, கால், பிறப்புறுப்பு வீங்குவது ஆழ்வீக்கம். இது கலைய 2, 3 நாள் ஆகலாம். அரிப்பைவிட இறுக்கமும் வலியும் தெரியும். தடிப்பே இல்லாமல் வீக்கம் மட்டும் வந்தால் இரண்டு விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். முதலாவது, இரத்தக் கொதிப்புக்கு எனாலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்ற மருந்து எடுக்கிறீர்களா? இந்த வகை மருந்துகள், தொடங்கி மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் இப்படி வீக்கம் தரக்கூடும். இரண்டாவது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வீங்கியதுண்டா? பரம்பரையாக வரும் ஆழ்வீக்கத்தில் வேலை செய்வது, காணாக்கடியில் அரிப்பையும் தடிப்பையும் தரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அல்ல, பிராடிகினின் என்ற வேறொரு வேதிப்பொருள். அதனால் அலர்ஜி மாத்திரை, ஸ்டீராய்டு, அட்ரினலின் எதற்கும் அது அடங்காது. அதற்கென்று தனி மருந்துகள் உண்டு. சி4 என்ற இரத்தப் பரிசோதனையில் துப்பு கிடைக்கும்.

படி 2: உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

தோலுக்கடியில், நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்பு முனைகளையும் ஒட்டி, மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் துகள் துகளாக நிரம்பியிருக்கிறது. செல் தூண்டப்பட்டால் அது வெளியே கொட்டும். இரத்தக் குழாய் விரிவதால் தோல் சிவக்கிறது. குழாய்ச் சுவரில் கசிவு ஏற்பட்டு நீர் வெளியேறுவதால் தடிக்கிறது. நரம்பு முனை சீண்டப்படுவதால் அரிக்கிறது. கசிந்த நீரை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் தடமின்றி மறைகிறது.

சரி, செல்லைத் தூண்டுவது யார்? சாதாரண ஒவ்வாமையில் வெளியிலிருந்து வரும் பொருள். நாள்பட்ட வகையில் பெரும்பாலும் நம் உடலே. சிலருக்கு ஐஜிஇ எனும் எதிர்ப்பொருள், தைராய்டு பெராக்சிடேஸ் போன்ற உடலின் சொந்தப் புரதங்களையே எதிரியாக நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. வேறு சிலருக்கு ஐஜிஜி எதிர்ப்பொருள்கள் மாஸ்ட் செல்லின் மேலிருக்கும் ஏற்பிகளையே நேராகப் போய்த் தட்டுகின்றன. இரண்டும் தன்னெதிர்ப்பு வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது வகையினருக்கு நோய் கடுமையாக இருப்பதும், மருந்துக்கு மெதுவாக மசிவதும் உண்டு.

நேற்று ஒத்துக்கொண்ட உணவு இன்று ஒத்துக்கொள்ளாதது போலவும், நாளை மறுபடி ஒத்துக்கொள்வது போலவும் தெரிவதற்குக் காரணம் இதுதான். உணவு அங்கே வேடிக்கை பார்க்க வந்த ஆள். உண்மையான உணவு ஒவ்வாமை, சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும் தவறாமல் வரும். அந்த ஒழுங்கு இல்லையென்றால் உணவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டாம்.

படி 3: தானாக வருகிறதா, தூண்டினால் வருகிறதா?

வெளிப்படையான தூண்டுதல் இல்லாமல் வருவது ஒரு வகை. ஒரு குறிப்பிட்ட பௌதிகத் தூண்டுதலுக்கு மட்டும் வருவது இன்னொரு வகை. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். இரண்டாவது வகையில்தான் காரணம் தேடும் முயற்சி பலன் தரும். எனவே அங்கே கொஞ்சம் துப்பறியலாம்.

சொறிந்த கோட்டிலேயே, இடுப்புப் பட்டை உரசிய இடத்திலேயே தடித்தால் அது தோல் எழுத்து வகை. மூடிய பேனாவின் முனையால் முன்கையில் மிதமாக ஒரு கோடு இழுத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கோடு அப்படியே அரிப்போடு புடைத்து நிற்கும். அரை மணியில் அடங்கிவிடும். இருப்பதிலேயே அதிகம் பேருக்கு இருப்பது இதுதான்.

உடற்பயிற்சி, சுடுநீர்க் குளியல், பதற்றம் என உடல் சூடேறும் நேரத்தில் குண்டூசித் தலை அளவில் பொடிப்பொடியாகக் கிளம்பி ஒரு மணிக்குள் மறைவது கோலினெர்ஜிக் வகை. கனமான பை மாட்டிய தோளிலும், நெடுநேரம் நின்ற பாதத்திலும் உடனே இல்லாமல் 4 முதல் 6 மணி நேரம் கழித்து வலியோடு வீங்குவது அழுத்த வகை. நேரம் தள்ளி வருவதால் பலர் இதை அழுத்தத்தோடு முடிச்சுப் போடுவதே இல்லை. வெயில் பட்ட இடம் மட்டும் தடிப்பது, அதிர்வால் வீங்குவது, வெறும் தண்ணீர் பட்டாலே வருவது ஆகியவையும் உண்டு, இவை அரிது.

குளிர் வகையை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் பையில் பனிக்கட்டியைச் சுற்றி முன்கையில் 5 நிமிடம் வைத்து, எடுத்த பத்து நிமிடம் கழித்துத் தோல் தடிக்கிறதா என்று பார்ப்பது மருத்துவமனைச் சோதனை. இந்த வகை உள்ளவர் குளிர்ந்த நீரில் குதித்து நீந்தினால் உடல் முழுக்க ஒரே நேரத்தில் ஹிஸ்டமின் கொட்டி, இரத்த அழுத்தம் விழுந்து, நீருக்குள்ளேயே மயங்கும் அபாயம் உண்டு. தனியாக நீந்தக் கூடாது. அவசரத்தில் தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசிப் பேனா தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

படி 4: பரிசோதனைகளில் சிக்கனம்

தானாக வரும் வகைக்கு அடிப்படைச் சோதனைகள் சொற்பம்: இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி. சிறப்பு மருத்துவர் மொத்த ஐஜிஇ அளவையும், தைராய்டு பெராக்சிடேஸுக்கு எதிரான ஐஜிஜி அளவையும் சேர்ப்பார். ஐஜிஇ குறைந்தும் தைராய்டு எதிர்ப்பொருள் கூடியும் இருந்தால் மேலே சொன்ன இரண்டாவது தன்னெதிர்ப்பு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த மருந்து எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை அதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

இதற்கு மேல் எதுவும் அறிகுறியைப் பொறுத்தே. ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு கூடியிருந்தால் குடற்புழு பார்க்கலாம். வயிற்று எரிச்சல் இருந்தால் ஹெலிகோபாக்டர் என்ற வயிற்றுக் கிருமியைப் பார்க்கலாம். நூறு பொருளுக்கு ஒரே நேரத்தில் பார்க்கும் அலர்ஜி பேனல் இங்கே பணத்துக்குப் பிடித்த கேடு. அதில் ஏதாவது நான்கு பொருள் 'பாசிட்டிவ்' என்று வரத்தான் செய்யும். சாப்பிட்டால் எந்தத் தொந்தரவும் தராத பொருளாகக்கூட அது இருக்கும். பிறகு அந்த நான்கையும் ஆயுளுக்கும் ஒதுக்கிவைத்து, தடிப்பும் நிற்காமல், தட்டும் காலியாகி நிற்பவர்கள் நிறையப் பேர்.

படி 5: மதிப்பெண் போடுங்கள்

'பரவாயில்லை', 'மோசம்' என்று சொல்வதைவிட எண் சொல்வது மருத்துவருக்கு உதவும். யூஏஎஸ்7 என்ற அளவுகோல் எளிமையானது. ஒவ்வொரு நாளும் கடந்த 24 மணி நேரத்துக்கு இரண்டு மதிப்பெண் எழுத வேண்டும்.

தடிப்பு: இல்லை என்றால் 0, 20க்குக் கீழ் 1, 20 முதல் 50 வரை 2, 50க்கு மேல், அல்லது பெரிய பெரிய திட்டுகளாக ஒன்றுசேர்ந்தால் 3.

அரிப்பு: இல்லை 0, இருக்கிறது, தொல்லையில்லை 1, தொல்லைதான், ஆனால் வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கவில்லை 2, கெடுக்கிறது 3.

ஏழு நாள் கூட்டினால் அதிகபட்சம் 42 வரும். 28ம் அதற்கு மேலும் கடுமை, 16 முதல் 27 நடுத்தரம், 7 முதல் 15 லேசு, 6க்குள் நல்ல கட்டுப்பாடு. இலக்கு 0. ஆம், பூஜ்யம்தான். 'இந்த நோயோடு இப்படித்தான் வாழணும்' என்று 15ல் திருப்திப்பட்டுக்கொள்ளும் காலம் போய்விட்டது. 2022ல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிமுறையும் அறிகுறியே இல்லாத நிலை வரும்வரை சிகிச்சையைத் தொடரச் சொல்கிறது.

படி 6: மருந்து ஏணி

முதல் கம்பம்: தூக்கம் அதிகம் தராத இரண்டாம் தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்களில் (ஹிஸ்டமினைத் தடுக்கும் அலர்ஜி மாத்திரைகளில்) ஒன்று. செட்ரிசின் 10 மி.கி., லெவோசெட்ரிசின் 5, லோராடடின் 10, டெஸ்லோராடடின் 5, ஃபெக்சோஃபெனடின் 180, பிலாஸ்டின் 20, ருபாடடின் 10 என்பவை பெரியவர்களுக்கான வழக்கமான ஒருநாள் அளவுகள். இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை, அரிக்கும்போது மட்டும் மாத்திரை போடுவது. ஹிஸ்டமின் ஏற்பியில் உட்காரும் முன் மருந்து அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். தடித்த பிறகு போட்டால் இருக்கும் தடிப்பு அதன் போக்கில்தான் மறையும். எனவே தடிப்பு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் போட வேண்டும்.

எடுக்கும் முறையிலும் கவனம் தேவை. பிலாஸ்டினைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். பிலாஸ்டின், ஃபெக்சோஃபெனடின் இரண்டையும் பழச்சாறோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும், தண்ணீரே போதும். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில முறிவு மருந்தும் ஃபெக்சோஃபெனடினைக் கெடுக்கும். 'மருந்து வேலை செய்யலை' என்பவர்களில் சிலருக்குப் பிரச்சினை இவ்வளவுதான்.

பழைய தலைமுறை மருந்துகளான குளோர்பெனிரமின், பெனிரமின், ஹைட்ராக்சிசின் நாள்தோறும் எடுக்க ஏற்றவை அல்ல. தூக்கத்தின் தரத்தைக் குலைக்கும். மறுநாள் பகலிலும் மந்தம் தங்கும். வண்டி ஓட்டுவோருக்கு ஆபத்து.

இரண்டாம் கம்பம்: 2 முதல் 4 வாரத்தில் போதிய பலன் இல்லையென்றால் அதே மருந்தின் அளவை நான்கு மடங்கு வரை கூட்டுவது. இது மருந்துப் பெட்டியில் அச்சிட்ட அளவைத் தாண்டியது. ஆனால் சர்வதேச நெறிமுறை ஏற்றுக்கொண்டது. நான்கு விதமான அலர்ஜி மாத்திரைகளைக் கலப்பதைவிட ஒன்றையே கூட்டுவதுதான் முறை. இதை நீங்களாகச் செய்யாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, இதயத் துடிப்புக் கோளாறு, கர்ப்பம், வேறு மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் மருத்துவர் அளவைத் தீர்மானிப்பார்.

மூன்றாம் கம்பம்: ஓமலிசுமாப். 2014ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற ஊசி. இரத்தத்தில் திரியும் ஐஜிஇயைப் பிடித்துக்கொண்டு, மாஸ்ட் செல்லை அது நெருங்காமல் பார்த்துக்கொள்ளும். வழக்கமான அளவு 4 வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி., தோலுக்கடியில், 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு. சிலருக்கு முதல் வாரத்திலேயே அரிப்பு நின்றுவிடும்; சிலருக்கு மாதங்கள் ஆகும். அதனால் ஆறு மாதம் பார்க்காமல் கைவிடக் கூடாது. அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் தொடக்க ஊசிகளை மருத்துவமனையில் போட்டு, சிறிது நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். விலைதான் இதன் பெரிய குறை. அமெரிக்காவில் 2025ல் இதே நோய்க்கு டுபிலுமாப் ஊசியும், ரெமிப்ருட்டினிப் மாத்திரையும் அனுமதி பெற்றிருக்கின்றன. பல நாடுகளில் இன்னும் வரவில்லை.

நான்காம் கம்பம்: சைக்ளோஸ்போரின் என்ற, நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கும் மருந்து. தன்னெதிர்ப்பு வகையில் நன்றாகவே வேலை செய்யும், ஓமலிசுமாப் கைகொடுக்காதவர்களுக்கும். ஆனால் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

ஸ்டீராய்டு இந்த ஏணியில் ஒரு கம்பம் அல்ல. போட்டதும் தடிப்பு மாயமாக மறைவதால் அதன்மேல் ஒரு மயக்கம் வருவது இயல்பு. நிறுத்தியதும் பழையபடி, சில நேரம் அதைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி ஒரு கோர்ஸ், மறுபடி ஒன்று என்று போனால் சர்க்கரை, எலும்புத் தேய்வு, எடை, கண்புரை என்று பட்டியல் நீளும். கடுமையாகப் பொங்கும் நேரத்தில், அதிகபட்சம் 10 நாள் வரை, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் எடுக்கலாம்.

குழந்தைகளுக்கு இதே வரிசைதான், எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவில். கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் லோராடடின், செட்ரிசின் இரண்டில் ஒன்றையே மருத்துவர்கள் வழக்கமாகத் தேர்வார்கள்.

படி 7: எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றாமல் இருப்பது

இவை நோய்க்குக் காரணங்கள் அல்ல. இருக்கும் நோயைக் கிளறுபவை. முதலிடம் வலி மாத்திரைகளுக்கு: ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக். நோயாளிகளில் கணிசமானோருக்கு இவை தடிப்பைக் கூட்டும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். இதயத்துக்காகக் குறைந்த அளவில் ஆஸ்பிரின் எடுப்பவர் மட்டும் தானாக நிறுத்தவே கூடாது. கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது மன அழுத்தம். 'டென்ஷனைக் குறைங்க' என்று சொல்வது சுலபம், அரித்துக்கொண்டே இருப்பவர் எப்படிக் குறைப்பார்? முதலில் அரிப்பை மருந்தால் அடக்குங்கள். தூக்கம் திரும்பினாலே பாதி அழுத்தம் போய்விடும். சளி, காய்ச்சல் வந்த வாரத்தில் தடிப்பு கூடுவதும், மாதவிடாயை ஒட்டிக் கூடுவதும், மது அருந்தினால் கூடுவதும் சகஜம். தளர்வான பருத்தி ஆடை, வெதுவெதுப்பான குளியல், அரிக்கும் இடத்தில் ஈரத்துணி அல்லது மென்தால் கலந்த லோஷன் ஆகியவை ஆறுதல் தரும். குளிர் வகை உள்ளவர்களுக்கு ஈரத்துணி வேண்டாம்.

உணவுக் கட்டுப்பாட்டை முயன்றே தீருவேன் என்றால் 3 அல்லது 4 வாரம் வரம்பு வைத்துச் செய்யுங்கள், மதிப்பெண் எழுதிக்கொண்டே. எண் இறங்கவில்லையா, ஒதுக்கிய அனைத்தையும் தயங்காமல் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். தைராய்டு குறை இருந்தால் அதற்காகச் சிகிச்சை எடுக்கத்தான் வேண்டும். அதனாலேயே தடிப்பு நிற்கும் என்ற உறுதி இல்லை.

படி 8: ஏணியிலிருந்து இறங்குவது

மருந்து நோயை வேரோடு பிடுங்குவதில்லை. நோய் தானாக ஓயும்வரை உங்களை அரிப்பில்லாமல் வைத்திருக்கிறது. பெரும்பாலோருக்கு ஓராண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் ஓய்ந்துவிடும். சிலருக்கு இன்னும் நீளும், சிலருக்கு ஆண்டுகள் கழித்து மறுபடி எட்டிப்பார்க்கும்.

மதிப்பெண் தொடர்ந்து மூன்று மாதமாவது 0வில் நின்றால், குறைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். நான்கு மடங்கில் இருப்பவர் ஒரே நாளில் நிறுத்தாமல் மாதத்துக்கு ஒரு மாத்திரை என்று குறைப்பது ஒரு வழி. ஓமலிசுமாப் எடுப்பவருக்கு ஊசிகளுக்கிடையே இடைவெளியை மெல்ல நீட்டலாம். செட்ரிசினையோ லெவோசெட்ரிசினையோ நெடுங்காலம் எடுத்தவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால், அரிதாகச் சிலருக்கு ஓரிரு நாளில் உடம்பெல்லாம் கடும் அரிப்பு வருகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 மே மாதம் இதுபற்றி எச்சரித்தது. தடிப்பு இல்லாமல் அரிப்பு மட்டும் வந்தால், நோய் திரும்பிவிட்டதென்று பயப்படுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். மறுபடி தொடங்கி, இன்னும் மெதுவாகக் குறைத்தால் பலருக்குச் சரியாகிறது.

குறைக்கும் வழியில் தடிப்பு தலைகாட்டினால், கடைசியாக எந்த அளவில் தடிப்பில்லாமல் இருந்தீர்களோ அந்த அளவுக்குத் திரும்பிப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து அடுத்த முறை முயலுங்கள்.